தரவைத் தண்ணீர் போன வழி

இன்று காலை அணைக்கட்டில் நின்று ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தேன். மாரியின் முதல் வெள்ளம். வயல் வாய்க்காலின் கதவைத் தூக்க முன் எங்களில் ஒருவர் தண்ணீரைச் சுவைத்துச் சொல்ல வேண்டும் என்பது கண்டாவளையில் எங்கள் பழக்கம். இத்தனை காலமும் அது உன் வேலை, கூட்டாளி. நீ கண்ணை மூடிய பிறகு என் தலையில் கட்டிவிட்டார்கள். மண் வாசமும் ஊறிய இலையின் கைப்பும் இருந்தன. உப்பு இல்லை. "நல்ல தண்ணி" என்று கத்தினேன். உன்னைப் போல நீட்டிக் கத்த எனக்கு வரவில்லை.

இந்த மாரியில் அந்த வார்த்தையையே சொல்ல முடியாமல் போயிருக்கும். கோடையில் தரவை என்ற வெட்டவெளி முழுக்க உப்புப் பூத்துக் கிடக்கும். மழை விழுந்ததும் அது கரைந்து, பக்கத்து வீட்டுத்திட்டக் குடியிருப்புக்குள் முழங்காலளவு நிற்கும். அந்தச் சனத்தின் கஷ்டம் பொய்யல்ல. ஆனால் அதிகாரிகள் கண்ட வழி, அந்தத் தண்ணீரை வெட்டி ஆற்றில் விடுவது. அதுவும் எங்கள் அணைக்கட்டுக்கு மேலே.

பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். "மழைத்தண்ணிதானே, ஆத்தில கலந்தால் உப்புத் தெரியாது" என்றார் வந்த பொறியியலாளர்.

நீ பின்வரிசையில் எழும்பினாய். "எங்களுக்குத் தெரியாது ஐயா. நெல்லுக்குத் தெரியும்."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழும்பி, அந்த அதிகாரிகளின் அலுவலகம் எங்களுக்குச் செய்த அநியாயம் ஒவ்வொன்றையும் வரிசையாகச் சொல்லி முடித்துத்தான் உட்கார்ந்தேன். "மாஸ்டர், அரைவாசிச் சனம் தேத்தண்ணி குடிக்கப் போட்டுது" என்று நீ காதுக்குள் சொன்னாய்.

வேறு வழி இருந்தது. கிழக்குப் பக்கத்தால் வெட்டினால் தண்ணீர் நேரே கடலேரிக்குப் போய்விடும். ஆனால் இடையில் ஒரு தென்னங்காணி. என் பெரியப்பாவின் மகனுடையது. சண்டையில் இடம்பெயர்ந்து நான் திரும்பி வந்தபோது, என் வீட்டு வளவுக்கும் தன் வளவுக்கும் நடுவிலிருந்த எல்லை வேலியை என் பக்கம் தள்ளி அடைத்து வைத்திருந்த அதே மனிதர். அன்றிலிருந்து அவரோடு எனக்குக் கதை பேச்சு இல்லை.

நீதான் போய்க் கேட்டாய். திரும்பி வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே, "தருவாராம். ஆனால் நீ வந்து கேக்கோணுமாம்" என்றாய்.

"செத்தாலும் போகமாட்டன்."

"உன்னை ஆர் மன்னிக்கச் சொன்னது? கோவத்தை வீட்டில வைச்சிட்டு வா. திரும்பி வரேக்க எடுக்கலாம். ஒருத்தரும் களவெடுக்காயினம்."

போனோம். அவர் கதிரையைக் காட்டினார். நான் நின்றேன்.

"என்ன வேணும்?"

"வாய்க்காலுக்கு வழி வேணும், அண்ணை."

"தென்னம்பிள்ளையள் போகும்."

"ஓம். போகும்."

"தண்ணி ஊத்தி வளர்த்தது நான்."

"தெரியும்."

"ரெண்டு பேரும் இப்பிடியே கதைச்சால் மாரி முடிஞ்சிடும்" என்றாய் நீ. அவருக்குச் சிரிப்பு வந்ததை மீசைக்குள் மறைத்தார். பிறகு, "வெட்டட்டும்" என்றார். வேலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் வாயைத் திறந்தேன். நீ என் காலை மிதித்தாய். அந்த மிதிக்கு இன்றைக்கும் உன்னோடு எனக்குக் கணக்கு இருக்கிறது.

காணி கிடைத்ததும் அதிகாரிகளுக்கு மறுக்கக் காரணம் இருக்கவில்லை. வெயிலுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு பெக்கோ இயந்திரம் வாய்க்கால் வெட்டுவதை ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாய். அதில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க நீ இருக்கவில்லை. மழைக்கு முன்பே போய்விட்டாய்.

ஓடுகிறது. நேற்று முன்தினம் பெய்த மழைக்கு வீட்டுத்திட்டத்து முற்றங்களில் கணுக்கால்கூட நனையவில்லை. இன்று அணைக்கட்டால் திரும்பும்போது, பெரியப்பாவின் மகன் மண்வெட்டியோடு புது வாய்க்காலில் அடைந்த குப்பையை இழுத்துக்கொண்டு நின்றார்.

"ஆத்துத் தண்ணி எப்பிடியாம்?" என்று தென்னையைப் பார்த்துக் கேட்டார்.

"நல்ல தண்ணி" என்று நானும் தென்னைக்கே சொன்னேன். பிறகு இறங்கி மற்றப் பக்கத்துக் குப்பையை இழுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து வேலியைப் பார்த்தேன். என் பக்கம்தான் நிற்கிறது. என் கோபமும் வைத்த இடத்திலேயே இருந்தது. நீ சொன்னது சரி, ஒருவரும் களவெடுக்கவில்லை. எடுத்துக்கொண்டேன். நாளை வாய்க்காலடிக்குப் போகும்போது திரும்ப வைத்துவிட்டுத்தான் போவேன்.