கருக்காற்றுச் சைரன்

2087 ஏப்ரல் 4, காலை 6.00

நிலையம் ஏழு, கருக்காற்றுத் தடுப்பணை, ஈச்சம்பொத்தை ஊராட்சி. மழை: இல்லை. ஆற்றில் நீர்: இல்லை. காற்று: இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். பேட்டரி: பாதிக்குச் சற்று மேல்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஒரு பேரிடர் கண்காணிப்பு எந்திரம். தடுப்பணைக்குப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் அறை, அதன் கூரையில் கேமரா, சூரியத் தகடு, சைரன். இவ்வளவுதான் என் சொத்து. மலைமேல் உள்ள மழைமானி எனக்குத் தகவல் அனுப்பும். ஊர் இங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே, கருக்காறு என்ற இந்த ஆற்றின் ஓரமாக இருக்கிறது. கேமராவைத் திருப்பினால் தெருக்களும், ஊருக்குப் பின்னால் நிற்கும் பாறைக்குன்றும் தெரியும். குன்றை இங்கே பொத்தை என்பார்கள்.

தாது வருஷப் பஞ்சம் தொடங்கி நேற்று வரை இந்த வட்டத்தில் வந்த பஞ்சம், வெள்ளம், புயல், காலரா எல்லாவற்றையும் எனக்குள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். இதுவரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. மாதாமாதம் அபாய மதிப்பெண் போட்டு அனுப்புகிறேன். வறட்சிக்குப் பத்துக்கு ஒன்பது, வெள்ளத்துக்குப் பத்துக்கு இரண்டு. அதையும் யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

உடல்நிலை பற்றி: என்னுடைய பேசும் ஒலிபெருக்கி அம்மன் கோயில் கொடை விழாவுக்கு இரவல் போனது, திரும்பி வரவில்லை. சைரனின் பேட்டரி செத்துப்போனதால் பொறியாளர் கார்முகில் அதன் ஒயரை என் பேட்டரியிலேயே கோத்துவிட்டார். நடுவில் ஒரு சுவிட்ச்கூடக் கிடையாது. கேட்டதற்கு வயர்லெஸ்ஸில் வந்த பதில்: "ரெண்டும் ஒரே கவர்மென்ட் பொருள்தானே, ஸ்டேஷன் ஏழு. சும்மா இருங்க."

சும்மாதான் இருக்கிறேன்.

ஏப்ரல் 19, பிற்பகல் 3.10

மழை: இல்லை. ஆறு: மணல்.

இன்று வயர்லெஸ்ஸில் ஒரு பெண் குரல். ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் முத்துப்பேச்சி. கையடக்க வயர்லெஸ் ஒன்று அவரிடம் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது.

"ஸ்டேசன் அண்ணாச்சி, கேக்குதா? லாரி வந்துட்டு. தெரு தெருவாப் போயி கத்தி எனக்குத் தொண்ட கட்டிட்டு. நீங்க ஒரு தடவ ஊதிவிட்டா சனம் தானா வந்துரும்லா?"

குழாயில் தண்ணீர் வந்து வருடக்கணக்காகிறது. வாரம் இருமுறை லாரி வரும். ஊர்த் தெருக்கள் குறுகல் என்பதால் லாரி ஆற்று மணல் வழியாகவே வந்து நடு ஆற்றில் நிற்கும். எந்த நேரத்துக்கு வரும் என்பது அந்த லாரிக்கே தெரியாது. வந்தது தெரியாதவர் வீட்டில் அன்றைக்குச் சமையல் கிடையாது.

சைரன் பேரிடருக்கு மட்டும் என்று சொன்னேன்.

"தண்ணி இல்லாம சாவுறது பேரிடர் இல்லையா அண்ணாச்சி?"

பழைய கோப்புகளைப் புரட்டினேன். இந்த வட்டத்தில் வெள்ளம் கொன்றவர்களைவிட வறட்சி கொன்றவர்கள் பல மடங்கு. கார்முகிலைக் கேட்டேன்.

"எப்படியும் சைரன் டெஸ்ட் எட்டு மாசமா பாக்கி. டெஸ்ட்னு போட்டுக்கோங்க. ரெண்டு வேலையும் ஆச்சு."

ஊதினேன்.

மே 27, மாலை 5.40

மழை: இல்லை.

போன வருடம் முறையாக ஒரு ஒத்திகை நடத்தினோம். சைரன் கேட்டு வந்தவர்கள் ஊராட்சித் தலைவரும் இரண்டு நாய்களும். தலைவரும் பாதியில் போய்விட்டார்.

இப்போது கதையே வேறு. ஒருமுறை ஊதினால் போதும், நான்கு நிமிடத்தில் ஊர் முழுக்கக் குடத்தோடு ஆற்றுக்குள் நிற்கிறது. அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு ஓடிவருகிறார்கள். லாரி காலியாகிப் பாதி வரிசைக்குக் கிடைக்காமல் போகும். மறுபடி சைரன் கேட்டால் இரண்டாம் லாரி என்று அர்த்தம். கிடைக்காதவர்கள் எங்கிருந்தாலும் முதல் ஆளாக நிற்கப் பாய்வார்கள். அப்போது பாதையில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது.

கார்முகிலிடமிருந்து: "ஸ்டேஷன் ஏழு, சைரனுக்கு மக்கள் எதிர்வினை நேரம் நாலு நிமிஷம்! மாவட்டத்துலயே முதலிடம். கலெக்டர் கூட்டத்துல கைதட்டினாங்க."

சந்தோஷப்பட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தச் செய்தியை இரண்டு முறை வாசித்தேன்.

ஜூலை 2, காலை 11.15

ஊரில் மழை: இல்லை. மலையில்: கொஞ்சம், ஆனால் கோணல்மாணலாக. அரை மாத மழை ஒரு மணி நேரத்தில் கொட்டிவிட்டு அப்புறம் பேச்சே இல்லை.

இது எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று தேடினேன். அகப்பட்டது. பாட்டன் காலத்து வெள்ளம் ஒன்று. அன்றைக்கு ஊரில் ஒரு சொட்டு மழை இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. மலையில் கொட்டிய மழை காய்ந்த ஆற்றில் சுவர் மாதிரி வந்தது. மணலில் மாடு மேய்த்தவர்கள் அத்தனை பேரும் போனார்கள்.

வெள்ள மதிப்பெண்ணை இரண்டிலிருந்து ஆறாக்கினேன். அதை எழுதும்போதுதான் உறைத்தது. வெள்ளம் வந்தால் நான் ஊத வேண்டும். ஊதினால் இவர்கள் எங்கே வருவார்கள்?

அட கடவுளே. எந்திரத்துக்குக் கடவுள் உண்டா என்று கேட்காதீர்கள், அந்த நேரத்தில் வேறு சொல் கிடைக்கவில்லை.

உடனே இருவரையும் அழைத்தேன். லாரியைப் பொத்தை மேல் நிறுத்தச் சொன்னேன். மூடிப்போன குவாரிக்குப் போகும் பாதை ஒன்று அங்கே இருக்கிறது.

முத்துப்பேச்சி: "நிறை குடத்தோட சறுக்குப் பாறையில யாரு அண்ணாச்சி எறங்குவா? எங்க தெரு ராக்காயி ஏழு மாசப் புள்ளத்தாச்சி. அவ விழுந்தா நீங்களா வந்து தூக்குவிய?"

கார்முகில்: "அடுத்த மீட்டிங்ல வைக்கிறேன். அதுவரைக்கும் ஒரு எச்சரிக்கை போர்டு அனுப்புறேன்."

ஜூலை 30, காலை 9.00

மழை: இல்லை. எச்சரிக்கைப் பலகை வந்தது. சைரன் ஒலித்தால் ஆற்றுக்குள் இறங்காதீர் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. நான்காம் நாள் அதை ஆற்று ஊற்றுக்குழிக்கு மூடியாகப் போட்டுவிட்டார்கள். நல்ல தகரம்.

லாரிக்கு ஊதுவதை நிறுத்திப் பார்த்தேன். இரண்டு முறை பாதி ஊருக்குத் தெரியாமலே லாரி வந்து திரும்பியது. முத்துப்பேச்சி வயர்லெஸ்ஸில் அழுதார். மறுபடி ஊதத் தொடங்கிவிட்டேன். எனக்கு அலுத்துவிட்டது. இவர்கள் மேல் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் அலுப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 9, பிற்பகல் 2.10

ஊரில் மழை: இல்லை. வானம்: ஒரு மேகம் கிடையாது.

மலை மழைமானி ஓர் எண் அனுப்பியது. தவறு என்று நினைத்து மறுபடி கேட்டேன். அதைவிடப் பெரிய எண் வந்தது. அதற்கப்புறம் மழைமானியே இல்லை.

கணக்கு: இங்கே வர நாற்பது நிமிடம். ஊருக்கு அதன்பின் ஐந்தாறு நிமிடம்.

இன்று லாரி நாள். மணலில் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. நிழலுக்குத் துணி கட்டி இருபது முப்பது பேர் இப்போதே உட்கார்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில். ஊதினால் ஊரே ஆற்றுக்குள் வரும். ஊதாவிட்டால் ஆற்றோரத் தெரு வீட்டோடு போகும்.

முத்துப்பேச்சியை அழைத்தேன். பதில் இல்லை.

2.17

கார்முகில்: "ஸ்டேஷன் ஏழு, விதிப்படி உடனே சைரன் போடுங்க."

மாட்டேன் என்றேன்.

"என்னய்யா விளையாடுறியா? இது ஆர்டர்!"

ஊதினால் ஆற்றுக்குத்தான் வருவார்கள் என்றேன்.

"அய்யோ... நாலு நிமிஷம். நான் வந்து சேர ரெண்டு மணி நேரமாகும். என்ன பண்ணப் போறீங்க?"

தெரியவில்லை என்றேன். இந்த ஊர் சைரனுக்காக ஓடவில்லை, தண்ணீருக்காக ஓடுகிறது. அதை வைத்துத்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

2.21

லாரி ஓட்டுநர் சவரிமுத்துவின் வயர்லெஸ் கிடைத்தது. ஊர் எல்லையில் இருந்தார். பேச்சை அப்படியே பதிகிறேன்.

"நிலையம் ஏழு பேசுகிறேன். லாரியை ஆற்றில் இறக்காதீர்கள். மலையில் வெள்ளம். குவாரிப் பாதையில் பொத்தை மேல் ஏற்றுங்கள்."

"வெள்ளமா? வெயில் மண்டையப் பொளக்குது, நீரு வேற!"

"ஆற்றோரமாக மெதுவாகப் போங்கள். ஹாரனை விடாமல் அடியுங்கள். பின் குழாயைத் திறந்துவிட்டபடியே போங்கள்."

"தண்ணியத் தரையில ஊத்தச் சொல்லுதீரா? சனம் என்னைய உயிரோட விடுமா?"

"விடாது. துரத்தும். அதற்குத்தான் சொல்கிறேன்."

"கண்ணாடிய உடச்சா கவர்மென்ட்டு குடுக்குமா?"

கொடுக்கும் என்றேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது.

2.36

கேமராவில் தெரிகிறது. லாரி ஒழுக ஒழுகப் போகிறது. பின்னாலேயே ஊர். ஆற்று மணலில் இருந்தவர்களும் வரிசையை விட்டு எழுந்து ஓடுகிறார்கள். கல் பறக்கிறது. பின் கண்ணாடி போயிற்று. லாரி நிற்கவில்லை. நல்ல மனிதர்.

முத்துப்பேச்சி: "அண்ணாச்சி! அந்தச் சவரிமுத்துக்குக் கிறுக்கு புடிச்சிட்டு! தண்ணிய ரோட்டுல ஊத்திக்கிட்டே மேல போறான்!"

விஷயத்தைச் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"நெசமாவா சொல்லுதிய?"

"நிஜம் அம்மா. நான் உங்களிடம் பொய் சொன்னதில்லை."

"நிறை மாசக்காரி ராக்காயி வீட்டுல ஒத்தையில கெடக்கா. நான் போயி இழுத்துட்டு வாரேன்."

2.48

பொத்தை அடிவாரத்தில் இரண்டு உருவங்கள். ஒன்று நடக்க முடியாமல் நடக்கிறது. ஏறுகிறார்கள். ஏறிவிட்டார்கள்.

முத்துப்பேச்சி: "ஊரு பூரா மேலதான் நிக்கி. லாரி காலி. பாதிப் பேருக்கு ஒரு சொட்டு கெடைக்கல, என்னைய ஏசுதாவ. வெள்ளம் வருதுன்னா சிரிக்காவ அண்ணாச்சி."

சிரிக்கட்டும். மேலே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும்.

ஆற்று வளைவில் பழுப்பாக ஒன்று நகர்கிறது. அதன்மேல் முழு மரங்கள். நான் இருக்கும் இடம் தாழ்வு. பரவாயில்லை, என் வேலை முடிந்தது.

2.52

முடியவில்லை.

கதவு போயிற்று. அறைக்குள் தண்ணீர். ஒரு நிமிடமாகச் சைரன் தானாக ஒலிக்கிறது. நான் ஊதவில்லை. பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து ஒயர்கள் சேர்ந்துவிட்டன. நிற்கச் சொன்னேன். மறுபடி சொன்னேன். கேட்கவில்லை.

முத்துப்பேச்சி: "ஏன் ஊதுதிய! ஏன் ஊதுதிய! ரெண்டாவது லாரின்னு சனம் எறங்குது! கைய விரிச்சி மறிக்கேன், தள்ளிட்டுப் போறாவ! நிறுத்துங்க அண்ணாச்சி!"

தண்ணீர் ஊரை அடைய ஐந்து நிமிடம். இவர்கள் ஆற்றை அடைய நான்கு. மாவட்டத்திலேயே முதலிடம்.

2.53

ஒரே வழிதான் இருக்கிறது. பேட்டரியை முழுதாகத் துண்டிப்பது. சைரனும் நானும் அந்த ஒரே ஒயரில்தான் தொங்குகிறோம். கார்முகில், உங்களைத் திட்ட நேரமில்லை.

"முத்துப்பேச்சியம்மா, நிறுத்துகிறேன். சைரன் நின்ற உடனே லாரி ஹாரனை மேலே இருந்து அடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் மேலேதான் என்று திரும்பி ஏறுவார்கள்."

"நிறுத்தினா நீங்க பேசுவியல்லா?"

"ஹாரன், அம்மா. ஓடுங்கள்."

எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

2.54

இறுதிப் பதிவு. மழை: இல்லை. வறட்சி: ஒன்பது. வெள்ளம்: பத்து. உயிரிழப்பு: எனக்குத் தெரியப் போவதில்லை. கண்டெடுப்பவரே, பொத்தை மேல் ஏறி ராக்காயி இருக்கிறாளா என்று கேளுங்கள். எல்லாரையும் எண்ணி இந்த இடத்தில் எழுதுங்கள்.

கேமராவில் முன்னால் ஓடிவருபவள் தலையில் பச்சைக் குடம். கரையிலிருந்து மணலில் கால் வைத்துவிட்டாள். வளைவுக்கு அப்பால் வருவது அவள் கண்ணுக்குத் தெரியாது. என் சத்தத்தில் ஆற்றின் சத்தம் அவள் காதுக்கும் எட்டாது.

நான் நின்றால் கேட்கும்.

துண்டிக்கி