அத்தை ஆற்றிக் குடித்த பீர்

அத்தை, இன்று உங்கள் முதலாம் வருடத் தவசம். காலையில் வல்லத்திராக்கோட்டை வீட்டின் பின்கட்டுக் கதவைத் திறந்தேன். சின்ன மாமா வெட்டிக்கொண்டுவந்து சாக்குப் போட்டு மூடிவைத்திருந்த பூவன் தார், இந்த வெயிலுக்கு முழுதாகக் கனிந்து, அறை முழுக்க மணத்துக்கொண்டிருந்தது. படையலுக்குப் பழம் எடுக்க வந்த உங்கள் பெண் மீனா என்னைப் பார்த்து, "என்ன, பழத்துக்கிட்ட நின்னுக்கிட்டு சிரிக்கிறீங்க?" என்றாள். அவளுக்கும் காரணம் தெரியும். எங்கள் ஆலையில் கோதுமை பீர் நொதிக்கும்போது தொட்டியருகே போனால் இதே வாசம்தான் வரும். குடிக்க வருகிறவர்கள் அதற்கு என்னென்னவோ பேர் சொல்வார்கள். நீங்கள்தான் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பழுத்த தாரை மூடிவச்ச ரூமு மாதிரில்ல இருக்கு" என்றீர்கள்.

வீட்டில் கூட்டம் சேருவதற்குள் உங்களிடம் கொஞ்சம் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னை நீங்கள் மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டபோது உங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பையன் திருக்கோகர்ணத்துக்காரன், கெமிஸ்ட்ரி படித்தவன், பெங்களூரில் கம்பெனி வேலை என்பதுதான். என்ன கம்பெனி என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் மீனா பேச்சை மாற்றியிருக்கிறாள். குடித்துக் குடித்தே செத்துப்போன அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பீர் காய்ச்சுகிறவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று உங்களிடம் எந்த வாயால் சொல்வாள்?

மீனாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அலையக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மாட்டைச் சின்ன மாமா வீட்டில் கட்டிவிட்டு நீங்கள் பங்குனியில் பெங்களூருக்கு வந்தீர்கள். வந்த மறுநாளே என் சட்டை உங்களிடம் மாட்டிக்கொண்டது. துவைக்கப் போட்டிருந்ததை எடுத்து மூக்கருகே பிடித்தபடி அடுப்படியில் நின்றீர்கள். குடிகாரக் கணவனின் சட்டையை எத்தனை வருடம் மோந்து பார்த்தவர் நீங்கள். உங்களிடம் என்ன மறைக்க முடியும்?

"இது அந்த வாடை இல்ல மாப்ளே. ஆனா அதுக்குச் சொந்தக்கார வாடை."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய கம்பெனி பீர் இல்லை, சின்னத் தொட்டிகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சுவது, கிராஃப்ட் பீர் என்பார்கள், வாற்கோதுமையை முளைகட்டிக் காயவைத்து அரைத்து என்று என்னமோ பாடம் நடத்துகிறவன் மாதிரி விளக்கிக்கொண்டே போனேன். நான் முடித்ததும் நீங்கள் சட்டையை வாளிக்குள் போட்டீர்கள். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுப் பெண்ணை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும், நான் வேறு வேலை பார்த்த பிறகு வந்து கூப்பிட்டால் அனுப்புவதாகவும் சொன்னீர்கள். குரலைக்கூட உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நீங்கள் சொன்னதைச் செய்கிறவர் என்பது மீனாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

இரண்டு நாள் வீட்டில் சோற்றுக்கும் குழம்புக்கும் மட்டும்தான் பேச்சு இருந்தது. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தீர்கள்.

"அந்த மனுசன் என்னத்தக் குடிச்சாருன்னு எனக்குக் கடைசிவரைக்கும் தெரியாமயே போச்சு. நீங்க காய்ச்சுறதையாவது என்னன்னு தெரிஞ்சுக்கிறேன். சாயந்தரம் கொஞ்சம் கொண்டாங்க."

அன்றைக்கு ஆலையில் எனக்கு வேலையே ஓடவில்லை. என் முதலாளி குடித்துப் பார்க்கும்போது வராத படபடப்பு உங்களை நினைத்து வந்தது.

அந்த முதல் சாயங்காலத்தை நினைத்தால் மீனா இன்றும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் நல்ல கண்ணாடிக் கிளாஸில், விளிம்புவரை நுரை நிற்க, பதமாக ஊற்றிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில்தான் யாரும் எதையும் வாய்வைத்துக் குடித்ததில்லையே. தண்ணீரோ காப்பியோ, அண்ணாந்து தூக்கி ஊற்றிக்கொள்வதுதான் வழக்கம். அதே மாதிரி கிளாஸை ஒரு முழ உயரத்துக்குத் தூக்கிக் கவிழ்த்தீர்கள். பாதி நுரை மூக்கில் ஏறியது, மீதி முந்தானையில். நீங்கள் தும்மிய தும்மலில் கட்டிலில் படுத்திருந்த மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறது என்று நான் அவளை அடக்கப் போனேன். நீங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொங்குறத ஆத்தாம கொடுத்தா வேற என்ன ஆகும்?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டீர்கள்.

மறுநாள் முதல் உங்கள் கையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள். நான் கொண்டுவந்த பீரை ஒன்றில் ஊற்றி, காப்பி ஆற்றுகிற மாதிரி இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் இழுத்து ஆற்றி, நுரையெல்லாம் அடங்கிய பிறகுதான் அண்ணாந்து ஊற்றிக்கொள்வீர்கள். பீருக்குள் அந்தக் காற்றை ஏற்றி நிறுத்துவதற்கு நாங்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. என் கண்ணெதிரே அது சமையல்கட்டு மேடையில் சீறிச் செத்துக்கொண்டிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குடித்துப் பார்ப்பதே பெரிய விஷயம், எப்படிக் குடித்தால் என்ன என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

ஒரே பீரை இரண்டாம் நாள் கொடுத்தால் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். "இதான் தெரிஞ்சுபோச்சே" என்பீர்கள். எங்கள் ஆலையில் இருப்பது சில வகைதான். அதனால் கோடை முழுக்க நான் மற்ற ஆலை நண்பர்களிடமெல்லாம் போய் ஒரு சின்னக் குப்பி, ஒரு சின்னக் குப்பி என்று கேட்டு வாங்கிவந்தேன். மாமியாருக்கு என்றால் எவனும் நம்பவில்லை. கசப்பு மிகுந்த ஒன்றைக் குடித்துவிட்டு, "வேப்பம்பூவ வறுக்காம போட்டுட்டாங்களா?" என்று கேட்டீர்கள். கறுப்பு பீரைக் கருப்பட்டி போடாத வரக்காப்பி என்றீர்கள். ஆரஞ்சுத் தோலும் மல்லியும் சேர்த்ததைக் குடித்ததும், மல்லி குழம்புக்கு ஆகிற சாமான் என்று எனக்குப் புத்தி சொன்னீர்கள். மாம்பழம் சேர்த்த ஒன்றுக்கு நீங்கள் சொன்னதை அதைக் காய்ச்சிய நண்பனிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

மூன்று மடக்கு, அவ்வளவுதான். மீதியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவீர்கள். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதே அளவு. என்னைச் சந்தோஷப்படுத்த ஒருநாளும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. "பரவால்ல" என்ற வார்த்தை எப்போதாவது உங்கள் வாயிலிருந்து விழும். அன்று நான் மீனாவின் கட்டிலோரம் உட்கார்ந்து அதையே திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருப்பேன். அவள் சலித்துப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆனால் ருசி மட்டுமா கேட்டீர்கள்? டம்ளரைக் கழுவிக்கொண்டே, இதை ஒரு ஆள் எவ்வளவு குடிப்பார், குடித்துவிட்டு எதில் வீட்டுக்குப் போவார், தினமும் வருகிறவர் உண்டா என்றெல்லாம் கேட்பீர்கள். ஆலையை ஒட்டிய எங்கள் கடைக்கு வருகிறவர்கள் படித்தவர்கள், ருசிக்காக வருகிறவர்கள் என்று முதலில் சமாளித்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு உள்ளதைச் சொன்னேன். தினமும் வருகிற சிலர் உண்டு, ருசி பார்க்கிற கட்டத்தைத் தாண்டியவர்கள், மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள் என்றேன்.

"அவுங்க வீட்டுலயும் ஒருத்தி வாசலப் பாத்துக்கிட்டுதான இருப்பா?"

மறுநாள் ஆலைக்குப் போனதும் முதலாளியிடம் பேசினேன். அந்த மூலை மேஜைக்கு ஒரு கட்டத்துக்கு மேல் ஊற்றக் கூடாது, வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டு, முணுமுணுத்தபடியே அவர் ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. உங்களிடம் இதைச் சொன்னபோது நீங்கள் பாராட்டவெல்லாம் இல்லை. "இம்" என்றீர்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வைகாசி பிறந்தது. டாக்டர், இனி மீனா பயணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டார். வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று. நீங்கள் உங்கள் முடிவைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. துணிமணிகளை நீங்கள் பெட்டியில் அடுக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் வேறு வேலைக்கு எழுதிப்போடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்குக் கைவந்ததும் பிடித்ததும் இந்த ஒரு வேலைதான்.

அந்த வாரத்தில்தான் எங்கள் பெரிய தொட்டி ஒன்று கெட்டுப்போனது. எங்கேயோ கழுவுவதில் பிசகு. கோடைக்கென்று காய்ச்சியது முழுக்கப் புளித்துப்போய், அத்தனையையும் சாக்கடையில் திறந்துவிட வேண்டியதாயிற்று. முதலாளி எல்லார் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசினார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உங்களுக்காக வேறெதையும் தேடிப் போகத் தெம்பில்லை. அந்தக் கெட்டுப்போனதிலேயே ஒரு குப்பி எடுத்துவந்தேன். இன்றைக்கு இதுதான், கெட்டுப்போச்சு, மொத்தமும் கொட்டியாச்சு என்று மேடையில் வைத்தேன்.

நீங்கள் ஆற்றினீர்கள். ஒரு மடக்கோடு முகத்தைச் சுளித்தீர்கள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்தது. என்னை மோந்து பார்த்தீர்கள் அத்தை. அந்தச் சட்டையைப் பார்த்த மாதிரியே.

"இன்னிக்குக் குடிச்சீங்களா?"

இல்லை என்றேன். தயிர்சோறும் வடுமாங்காயும் இருந்தால் போடுங்கள், சாப்பிட்டுப் படுக்கிறேன் என்றேன். அப்போது உங்கள் கண் கலங்கியதைப் பார்த்தேன். தட்டை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு பேசினீர்கள்.

"அவரு வெள்ளாமை வந்தாலும் குடிப்பாரு, வரலைன்னாலும் குடிப்பாரு. நீங்க இம்புட்டும் கொட்டிட்டு வந்து தயிர்சோறு கேக்குறீங்க."

சோற்றை நீங்களே பிசைந்து போட்டீர்கள். அதற்குப் பிறகு வேறு வேலை பற்றிய பேச்சு நம் வீட்டில் எழவே இல்லை. ஊருக்குக் கிளம்பிய அன்று ஆட்டோவில் ஏறியபடி, குழந்தை பிறந்து மூன்றாம் மாதம் வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னீர்கள். நான் தெருவில் நின்றே அழுதேன்.

இதெல்லாம் நம் நாலு சுவருக்குள் நடந்தது. என்னால் மறக்கவே முடியாதது பேத்திக்குப் பேர்வைத்த அன்று நடந்ததுதான். இதே வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்துகூடச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பந்தியில் நான் உட்கார்ந்திருந்தேன், எதிர்வரிசையில் சின்ன மாமா. அவருக்கு எப்படியோ விஷயம் எட்டியிருந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மாப்ளைக்கு பெங்களூர்ல என்ன கம்பெனின்னு இதுவரைக்கும் யாருமே சொல்லலையே?" என்றார்.

மீனா உள்ளேயிருந்து நிலைப்படிவரை வந்துவிட்டாள். ஏதோ கம்பெனி என்று மழுப்புகிற வழக்கமான பதில் என் வாய்வரை வந்தது. அதற்குள் ரச வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்த நீங்கள் அவர் இலைக்கு நேரே நின்றீர்கள்.

"பீர் காய்ச்சுறாரு. ரெண்டு மாசம் தெனம் ஒண்ணா நானே குடிச்சுப் பாத்தேன். பாத்துட்டுத்தான் பொண்ண அனுப்புறேன். ஒங்களுக்கு ரசம் ஊத்தவா?"

ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டீர்கள்.

புருஷனைக் குடியில் பறிகொடுத்த ஒரு பெண், அதே ஊரில், அதே சொந்தங்கள் நடுவில், நான் குடித்தேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? நடந்தது. பெங்களூருக்குப் போய் மகளோடு சேர்ந்து குடித்துவிட்டு வந்தவள் என்று பேசினார்கள். கோயிலில் உங்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. மூணு மடக்குதான், ருசிக்குத்தான் என்றாவது விளக்கம் சொல்லக் கூடாதா என்று மீனா உங்களிடம் சண்டை போட்டாள். "குடிச்சது நெசந்தானே, பேசட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேத்திக்கு மருந்து உரசப் போய்விட்டீர்கள். இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என் அம்மாகூட என் வேலையைப் பற்றி அவள் தம்பிகளிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

போன சித்திரையில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இத்தோடு நிறுத்தியிருந்தேன் அத்தை. படையல், பந்தி எல்லாம் முடிந்து இப்போதுதான் திரும்ப உட்கார்கிறேன். பந்தியில் என் பக்கத்தில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார், சின்ன மாமாவின் சம்பந்தி. என்ன வேலை பார்க்கிறீர்கள் தம்பி என்று மரியாதையாகக் கேட்டார். பீர் காய்ச்சுகிறேன் என்றேன். அவர் திகைத்தது தெரிந்தது. எங்கத்தை குடித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட வேலை என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கண்ணில் நீர் கொட்டிவிட்டது. பாவம், அவர் குழம்பு உறைத்துவிட்டது என்று நினைத்து, தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.