நீலம் பூசிய துடுப்பு

அண்ணே,

கதவோரத்தில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உன் துடுப்பைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பாயில் படுத்தால் அதிலிருந்து பெயிண்டு வாசனை வருகிறது. நீயே தேய்த்துப் பராமரித்தவரை அதில் ஆளிவிதை எண்ணெய்தான் மணக்கும். இந்த வாசனை என்னால் வந்தது. அதனால்தான் தூக்கம் வராமல், அம்மா புரளும்போதெல்லாம் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டில் உனக்கு எழுதுகிறேன்.

நேற்று உன் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. இனி உன் சம்பான் படகைச் சும்மா கட்டிப்போட முடியாது என்று அத்தான் சொல்லிவிட்டார். ரப்பர் கிடங்கில் மூட்டை தூக்கியவர் அவர். துடுப்புப் பிடித்துப் பழக்கமில்லை. ஒடிந்த துடுப்புக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். ஜோடியில் மற்றது இதுதான். விடிந்ததும் கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போகப் போகிறார். அக்காவுக்கு இது ஏழாம் மாதம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சம்பானைச் சுங்கை பினாங் ஆற்றங்கரையில் கவிழ்த்துப் போடுவாய். உடைந்த விளக்குக் கண்ணாடிச் சில்லால் துடுப்பைச் சுரண்டுவாய். வளைந்த சில்லுதான் உருண்டை மரத்துக்குப் பொருந்தும் என்பாய். சீவல் சுருள் சுருளாக விழும். குழாய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவி, நிழலில் காயவிட்டு, மறுநாள் என்னைக் கூப்பிடுவாய்.

"நக்கிப் பாரு."

"ஏன், உன் நாக்குக்கு என்ன?"

"வெத்தல போட்டுப் போட்டுச் செத்துப்போச்சு. நீ கான்வெண்டு நாக்குக்காரி, கரெக்டா சொல்லுவலா."

நான் உப்பு என்றால் மறுபடியும் கழுவுவாய். "உப்பு உள்ள இருந்தா ஈரத்த இழுத்துக்கிட்டே கெடக்கும், எண்ணெய் நிக்காது" என்பாய். தெருப் பிள்ளைகள் என்னை ஆடு என்று கத்துவார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். பிறகு சுடவைத்த எண்ணெயை உள்ளங்கையால் தேய்ப்பாய். மரத்தின் ரேகை ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

மற்ற சம்பான்காரர்கள் துடுப்புக்குச் சிவப்பும் பச்சையும் பூசியிருப்பார்கள். நாமும் பூசலாமே என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "படகுக்குப் பூசு. துடுப்புக்கு வேணாம். எங்க விரிசல் விட்டுருக்குன்னு கண்ணுக்குத் தெரியணும்" என்பாய். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

அக்கரைக் கோவில் திருவிழாவுக்கு முந்தைய வாரம் நீ காய்ச்சலில் படுத்தாய். "பாப்பா, சுரண்டி எண்ணெய் மட்டும் போட்டு வை" என்றாய். சுரண்டினேன், கழுவினேன், நக்கியும் பார்த்தேன். அப்போதுதான் இரண்டு துடுப்பிலும், தோல் சுற்றிய இடத்துக்குக் கீழே, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. சொன்னால் நீ சம்பானை எடுக்க மாட்டாய். திருவிழாவுக்கென்று நான் புதுக் கவுன் தைத்து வைத்திருந்தேன். பக்கத்துச் சீனத் தச்சரிடம், பலகைச் சந்தில் அடைக்கும் மக்கு கொஞ்சம் வாங்கி வந்து கோட்டில் அழுத்தினேன். படகுக்கென்று நீ வாங்கி வைத்திருந்த நீலப் பெயிண்டை அதன்மேல் இரண்டு தடவை பூசிவிட்டேன்.

நீ எழுந்து வந்து பார்த்தாய்.

"மாதாவுக்குச் சேலை கட்டின மாதிரி இருக்கு. பெரிய பெயிண்டருலா நீ." பிறகு கேட்டாய், "அடியில கோடு கீடு எதுவும் இருந்துச்சா?"

"இல்லண்ணே."

நீ நம்பினாய். உப்பு இல்லை என்று நான் சொன்னால் நம்புவாயே, அதே மாதிரி.

அக்கரைக்குப் போனோம், வந்தோம். ஒன்றும் ஆகவில்லை. நானும் மறந்தேன். எட்டாம் நாள் மாலை சுமத்திராக் காற்று சூறையாக எழுந்தபோது நீ கப்பலில் ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாய். சம்பான் அன்றைக்கே கரை ஒதுங்கியது. நீ மூன்றாம் நாள், அக்கரையில் பிறை ஊர்ப் பக்கம்.

சம்பானுக்குள் கிடந்த ஒடிந்த துண்டை நான் பார்த்தேன். முறிந்த இடம் பாதி வெள்ளை, பாதி கறுப்பு. கறுப்பு அன்றைக்கு முறிந்ததல்ல, நான் மூடிவைத்த கோடு. "காத்து கொண்டுபோயிருச்சு எம் புள்ளைய" என்று அழுத அம்மா, அந்தத் துண்டைப் பார்க்கச் சகிக்காமல் அடுப்பில் வைத்தாள். நீலம் குமிழ் விட்டு எரிந்தது. கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். எத்தனை தடவை என்று கேட்டார். ஒரு தடவை என்றேன்.

இன்று சாயங்காலம் அத்தான் இந்தத் துடுப்பைத் தடவிப் பார்த்து, "இது நல்லா வழவழன்னு புதுசு மாதிரில இருக்கு" என்று அக்காவிடம் சொன்னார். பாதிச் சோற்றோடு தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "கடலுக்குப் போறது நானா, நீயா? பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார்.

சற்று முன்பு மழை அத்தாப்பு ஓலைக் கூரையில் பலமாக இறங்கியது. அந்தச் சத்தத்தில் எழுந்து உன் கண்ணாடிச் சில்லால் சுரண்டினேன். நீலம் தூளாக உதிர்ந்தது. மக்கு ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தது. கோடு முன்பைவிட நீளம். என் நகம் உள்ளே போகிறது. நாக்கை வைத்துப் பார்த்தேன். உப்பு.

இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். சில்லைத் துணியில் சுற்றி என் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டேன், அது எனக்கு வேண்டும். துடுப்பை வாசலுக்குக் குறுக்கே, சுரண்டிய பக்கம் மேலே தெரியும்படி கிடத்தப் போகிறேன். அதைத் தாண்டாமல் அத்தான் வெளியே போக முடியாது.

"யாரு இதச் சுரண்டுனது?" என்று கேட்பார். நான்தான் என்று சொல்லிவிடுவேன். அடுத்தது, "யாரு பூசுனது?" என்று கேட்பார். அதற்குள் அம்மாவும் எழுந்து வந்து நிற்பாள். அப்போது சொல்ல வேண்டியதை, சத்தம் வராமல் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அது முதலில் உனக்குச் சொல்ல வேண்டியது.

கோடு இருந்துச்சு, அண்ணே.