ஐஸ் லாரியின் முன் சீட்டு

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ, உன் வீட்டுக்காரி, பாப்பா எல்லாரும் நலமா? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறேன். எழுத்து எங்கேயாவது விட்டுப்போயிருந்தால் நீயே பொறுக்கிப் போட்டுக்கொள்.

இங்கே பெரிய செய்தி. நம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் புதிதாகக் காதல் வந்திருக்கிறது. சிரிக்காதே. முதுகுவலி என்று வீட்டோடு இருந்த அம்மா மறுபடி ஐஸ் லாரியில் ஏறிவிட்டாள். ஆலையில் ஐஸ் பாளம் ஏற்ற அப்பா கிளம்பினால் இவளும் முன் சீட்டில். மீன் சந்தை, சோடாக் கடை, ஆஸ்பத்திரிப் பிணவறை, எங்கே போனாலும் ஜோடிதான். வழியெல்லாம் வாய் ஓயாத பேச்சு. "அப்படி என்னம்மா பேசுறீங்க, எங்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்றேன். "போடி, உன் புருஷன்கிட்ட போய்ப் பேசு" என்று விரட்டிவிட்டாள். உன் மாமாவுக்கு ரோஷம் வந்து என்னைச் சைக்கிளில் வைத்துச் சந்தைக்குக் கூட்டிப்போனார். பாதி வழியில் டயர் வெடித்தது. வரும்போது சைக்கிளை நாங்கள் கூட்டிவந்தோம்.

அப்பாவுக்குக் குறும்பும் கூடிவிட்டது. நான் வாசலில் நின்றால் யாரோ பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்த மாதிரி மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் போகிறார். வாயைத் திறந்ததும், "நீயா? சத்தம் இல்லாம நின்னா எப்படித் தெரியும்?" என்கிறார். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிவிட்டு, "பூனைக்கு" என்கிறார். நம் வீட்டில் பூனை ஏது? ஆலை வாசல் தூணில் லாரி இடித்துப் பக்கக் கண்ணாடி போய்விட்டது. "தூணு நகர்ந்துடுச்சு" என்றார். ஆலையே சிரித்தது.

உன் கடிதம் வந்தால் என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்துவிடுகிறார்கள். பழைய கதை ஏதாவது எழுது. கேட்டுவிட்டு நன்றாகத் தூங்குகிறார்கள்.

உன் வாயாடி அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, படம் வரையும் மேசையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். மேலதிகாரி ஒரு மாதிரி பார்த்தார். இங்கே ஐஸ் தெருவிலேயே சும்மா கொட்டிக் கிடக்கிறது. அப்பா பார்த்தால் விடமாட்டார், லாரியில் ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பாப்பா தூங்குவதற்கு நான் தாத்தா பாட்டி கதைதான் சொல்கிறேன். இரும்புக் கொக்கியைப் போட்டுப் பாளத்தின் ஒரு முனையை அப்பா பிடிக்க, மறு முனையை அம்மா பிடித்துத் தூக்குவார்களே, அதை. இருவர் கையிலும் விரல் நுனி வெடித்திருக்கும். உப்புப் பட்டால் வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்து நான் பார்த்ததில்லை. என் பள்ளிப் புத்தகங்களில், ஐஸ் உருகாமல் மூடிவைக்கும் மரத்தூள் உதிரும் என்று பையன்கள் கேலி செய்தார்கள். இன்றைக்கு இந்த மேசையில் நான் உட்கார்ந்திருப்பது அந்த மரத்தூளால்தான்.

கண்மூடி விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஆலைச் சுவரை ஒட்டி ரயில்வே கேட் வரை போகும் நேர் ரோடு. நாம் இருவரும் முன் சீட்டில் அவர்களுக்கு நடுவில். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். அம்மா, "கொஞ்சம் இடது... நேரா, நேரா..." என்று சொல்லிக்கொண்டே வருவாள். நாம் அலறுவோம். ஒரு தடவை உன்னைச் சொல்லச் சொன்னார். நீ "இடது இடது" என்று கத்திக்கொண்டு வலது கையை ஆட்டினாய். அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணைத் திறந்துவிட்டார். உனக்கு இன்றைக்கும் இடது வலது தெரியாது என்று மாமா சொல்லிக் கேள்வி. எப்படியும் கேட் வருவதற்குள் அப்பா கண்ணைத் திறந்துவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் நாம் அவ்வளவு சந்தோஷமாகப் பயந்தோம்.

ஏப்ரல் கடைசியில் மூவரும் வருகிறோம். பாப்பாவை அந்த முன் சீட்டில் உட்காரவைக்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நீங்கள் வரும் செய்தியைப் படித்ததும் அப்பா கை தட்டினார். ஆனால் கண்மூடி விளையாட்டு வந்த இடத்தில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா மட்டும், "நல்லா ஞாபகம் வெச்சிருக்கான்" என்றார். எனக்கு என்னவோ போல் இருந்தது.

போன வாரம் சந்தைக்குப் போக லாரியின் பின்னால் சாக்கு மேல் ஏறிக்கொண்டேன். ஓட்டுகிற இடத்துக்குப் பின்னால் சின்ன ஜன்னல் இருக்கிறதே, அதில் காதை வைத்தேன். காதல் பேச்சைக் கேட்டு உனக்கு எழுதலாம் என்று. தம்பி, அது பேச்சே இல்லை. "கொஞ்சம் இடது. போதும். நேரா. முன்னால மாட்டு வண்டி. மெதுவா. மெதுவா. பிரேக்கு." இவ்வளவுதான். சந்தை வரைக்கும் இவ்வளவுதான்.

இறங்கியதும் நான் அப்பாவுக்கு எதிரே போய் நின்றேன். பேசவில்லை. சிரித்தேன், பல்லைக் காட்டி. அவர் என் முகத்துக்குள் புகுந்து பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துவிட்டு, "யாராவது நிக்கிறாங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

அவர்கள் அந்த விளையாட்டைத்தான் விளையாடுகிறார்கள், தம்பி. கண்ணைத் திறந்துகொண்டு.

அம்மாவைத் தனியாகப் பிடித்தேன். "ஆறு மாசமா இப்படித்தான். என் கண்ணு ரெண்டு பேருக்கும் போதும். வண்டியை விட்டு இறக்கினா அவர் ஒரு மாசம் தாங்க மாட்டார். யார்கிட்டயாவது சொன்னே, நீ என் மகளே இல்ல" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். டாக்டரிடம் போகலாம் என்றால், பார்த்தாச்சாம். திரும்பி வராத பார்வையாம். ஆலைக்காரரிடம் சொல்லலாம் என்று பாதி தூரம் போய்த் திரும்பினேன். அப்பா பெயரைச் சொன்னால் அங்கே எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அங்கே போய் நான் என்ன சொல்வேன்?

நீ சொன்னால் கேட்பார். படித்த மகன் பேச்சு. நீயே எழுது, "வண்டி போதும்பா" என்று.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஏமாந்தேன் என்று நினைத்தாயா? படித்து முடித்ததும் அப்பாவுக்கு எழுதப் பேனா தேடியது நிஜம். இவள்தான் பேனாவோடு வந்து, "போன வருஷம் மாமா குதிரை வாங்கினதா உங்க அக்கா எழுதினாங்களே, அது எப்படி இருக்கு?" என்றாள்.

அப்பா லாரியை விற்றுவிட்டுக் குதிரை வாங்கிவிட்டார் என்று நீ எழுதியதை நம்பித் தந்தி அடித்தவன் நான். உனக்கு இரட்டைக் குழந்தை என்று நம்பி இரண்டு தொப்பி அனுப்பியவனும் நான். என் விளையாட்டுக் கதையை எடுத்து எனக்கே திருப்பி விட்டிருக்கிறாய். "கண்ணைத் திறந்துகொண்டு" என்ற இடத்தில் நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. நீ படித்திருந்தால் பெரிய எழுத்தாளர் ஆகியிருப்பாய்.

அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டுவிட்டேன். ரயிலடிக்கு லாரியிலேயே வரச் சொல்லியிருக்கிறேன். ஆலைச் சுவர் ரோட்டில் பாப்பாவுக்கு அந்த விளையாட்டைக் காட்ட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். பாப்பா நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

மாமாவுக்குப் புது டயர் வாங்கி வருகிறேன்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

குதிரை பொய். இரட்டைக் குழந்தை பொய். இது பொய் இல்லை. இதை எப்படி எழுதினால் நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்கக் கிண்டல் பேசியவளுக்கு வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

அப்பாவுக்கு நீ போட்ட கடிதத்தை அம்மாவே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்பா அன்றைக்கே லாரிக்குப் பச்சை வண்ணம் அடிக்கக் கொடுத்துவிட்டார். முன் சீட்டுக்குப் புது உறை. "பேத்தி உட்காரப் போறா" என்று ஆலை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

நாள் முழுக்கக் கத்திக் கத்தி அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுதான் வருகிறது. இப்போது பேசுவதில்லை, அவர் தோளில் தட்டுகிறாள். திங்கட்கிழமை பால்காரர் சைக்கிள் லாரிக்கு அடியில் போய்விட்டது. பால்காரர் குதித்துவிட்டார். கேனும் சைக்கிளும் தகடு. அப்பா இறங்கி வந்து பாலில் கையை வைத்துப் பார்த்தார். ரத்தமா என்று தெரிந்துகொள்ள. அதை நான் பார்த்தேன், தம்பி.

சாவியை ஒளித்துவைத்தேன். கம்பி ஒன்றை விட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். நேராகவே கேட்டேன், "கண்ணு தெரியலன்னு சொல்லுங்கப்பா" என்று. "ரோடு என் கால்ல இருக்கு. எம்புள்ள வரச் சொல்லியிருக்கான். யாரும் வரலன்னா நான் தனியா போவேன்" என்றார்.

ரயிலடிக்கு வாடகைக் காரில் வருகிறேன் என்று ஒரு வரி அவருக்கு எழுது. ஒரே ஒரு வரி.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்டி கட்டும் அவசரம். சிரிக்காத முகத்தோடு நீ கிண்டல் செய்வது புதிதாக இருக்கிறது. பாலில் கை வைத்த இடத்தை இவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன், உனக்குப் பயந்து பாதியில் ஓடிவிட்டாள். மீதியை நேரில் வைத்துக்கொள்வோம். 29ஆம் தேதி காலை வண்டி. முன் சீட்டில் பாப்பாவுக்கு இடம் வைக்கச் சொல்.

தம்பி


ஏப்ரல் 28

தம்பிக்கு,

இதை உன் கையில் கொடுப்பவர் ரயிலடியில் சுமை தூக்குகிறவர். உன்னை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். "காதைப் பாருங்க, எங்கப்பா காது" என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா குரல் முழுக்கப் போய்விட்டது. அதனால் நாளைக்கு நான் முன் சீட்டில் உட்காருகிறேன். வாயாடிக்கு ஒருவழியாக வேலை கிடைத்திருக்கிறது. வலது கையில் சணல் கட்டிக்கொண்டேன், மறக்காமல் இருக்க. மத்தியானம் ஆலை முற்றத்தில் சொல்லிப் பார்த்தோம். ஒரு தடவை மாற்றிச் சொல்லிவிட்டேன். அப்பா சிரித்தார். இந்தத் தடவை கண்ணைத் திறந்து சிரிக்க வழியில்லை.

வெளியே பச்சை லாரி நிற்கும். உடனே ஏறாதே. பாப்பாவை உன் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு அப்பாவுக்கு எதிரே போய் நில். பேசாதே. சிரி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிரி. அதற்குமேல் உனக்கு நான் ஒன்றும் எழுத வேண்டியிருக்காது.

அதற்குப் பிறகு கிட்டப் போய், "நான் ஓட்டிப் பார்க்கட்டுமாப்பா?" என்று கேள். கெஞ்சுகிற மாதிரி கேள், சின்னப் பிள்ளையில் கேட்பாயே, அப்படி. உனக்கென்றால் இறங்கிக் கொடுப்பார். அவர் முன் சீட்டில் பாப்பாவோடு பெரிய மனுஷன் போல வீட்டுக்கு வரட்டும். அவருக்கும் அம்மாவுக்கும் அவ்வளவுதான் வேண்டும்.

லாரி அங்கே நிற்கவில்லையென்றால் காத்திருக்காதே. பாப்பாவையும் உன் வீட்டுக்காரியையும் இவரிடமே விட்டுவிட்டு, நாங்கள் வருகிற ஆலைச் சுவர் ரோட்டைப் பிடித்து, கேட் வரைக்கும் நடந்து வா.

உன் அக்கா