பூக்காத காட்டுப்புகையிலை

கொட்டகலை
9.7.1961

அன்பு மகள் பரிமளத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், திருச்சியில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க முருகன் துணை. உடம்பு சுகம் என்றேனே தவிர மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, இதை எழுதுவதற்குள் மூன்று தடவை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன்.

உன்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த நல்லமுத்துவின் தாயார் ராசம்மா நேற்று முதல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஒரு வாரமாக விடாத மழை, மண் சரிந்து பாதை அடைபட்டுக் கடைத்தெருவில் புகையிலை இல்லை. வெறும் வெற்றிலை மென்று அலுத்துப்போனவள், மலையேறித் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுற, ஆத்தாளுக்கு ஒரு துண்டு பொகையில கொண்டாரத் துப்பில்லையாடா என்று மகனைக் குத்தியிருக்கிறாள். அவன் புல்மேட்டுக்குப் போய்ப் பெரிய பெரிய இலைகளாகப் பறித்து வந்து அடுப்புக்கு மேலே வாட்டிக் கொடுத்துவிட்டான். வாயில் அடக்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி, மயக்கம், கைகால் சில்லிட்டுவிட்டது. அது காட்டுப்புகையிலை, நஞ்சு. நாடி இன்னும் சீராகவில்லை, நாளை தாண்டினால்தான் சொல்ல முடியும் என்கிறார் மருந்து கொடுப்பவர். லயத்து வீடுகளிலோ, பெத்தவளுக்கே வெசம் வச்ச பய என்று அவன் காதுபடப் பேசுகிறார்கள்.

எப்படியடா ஏமாந்தாய் என்று கேட்டேன். நீங்கதானே வாத்தியாரய்யா காட்டுப்பொகையிலைய அதோட பூவைப் பாத்தா தெரியும்னு சொன்னீங்க, சுத்திச் சுத்தித் தேடினேங்க, ஒரு பூவும் இல்லை, அதான் நெசப் பொகையிலைன்னு பறிச்சேன் என்றான். சாண் உயரச் செடியின் நீலப்பூவையும் ஆள் உயரக் காட்டுப்புகையிலையின் பூவையும் மேசையில் வைத்து, இரண்டும் மணிப்பூக் குடும்பம், ஒன்று குட்டித் தங்கச்சி, ஒன்று நெட்டை அண்ணன் என்று சொல்லிக் கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். முப்பது வருஷமும் பூத்த செடியைத்தான் காட்டினேன். இளஞ்செடி பூக்காமல் வெறும் இலையாகவே கிடக்கும் என்றோ, கிள்ளினால் பால் வடியும், புகையிலையில் வடியாது என்றோ ஒருநாளும் சொல்லவில்லையே அம்மா.

வயசான காலத்துல ஊர் வாயில ஏன் விழுறீங்க, பேசாம இருங்க என்கிறாள் உன் அம்மா. என்னால் முடியவில்லை. நாளைக் காலை பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும்போது போய், அவன் நான் சொன்னபடிதான் பார்த்தான், பாதிப் பாடம் நடத்தியவன் நான் என்று சொல்லப்போகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ எங்கள் ஆசி. ஒன்றை மறந்துவிடாதே, இதைப் படித்ததும் நல்லமுத்துவுக்குத் தனியாக நாலு வரி எழுது. ஆஸ்பத்திரி வாசலில் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், உன் மேல் தப்பில்லை என்று நான் சொன்னால் வாத்தியார் ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைக்கிறான். அந்தப் பாடத்தை அவனோடு ஒரே பெஞ்சில் இருந்து கேட்டவள் நீ. உன்னை நம்புவான்.

உன் அப்பா,
சுந்தரலிங்கம்