ஊற்று கலங்கிய காலை

அன்புள்ள கமலவேணிக்கு,

உன் மேடம் போனை வாங்கி வைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பும் பதுளை ஸஜீதாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மடுல்சீமையில், நம் தோட்டத்தில், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து மண்ணையும் நீரூற்றையும் பாதுகாக்கும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நீ போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவதென்று தெரியாமல்தான் கொடுத்தேன். மழைத்தண்ணீர் வடியச் சரிவில் கான் வெட்டவும், ஊற்றைச் சுற்றி மரம் நடவும் பழக்கினார்கள். "ஊத்துத் தண்ணி திடீர்னு சேறா வந்தா நிக்காதீங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்கிருங்க" என்று பயிற்சி தந்த மிஸ் சொல்லியிருந்தார்.

போன வாரம் அடைமழையில், காலையில் குடத்தை வைத்தால் அப்படித்தான் வந்தது. லயத்து வீடுகளில் கதவு கதவாகத் தட்டினேன். "பொண்டாட்டி இல்லாம ஒனக்குப் பொழுது போகல போல" என்று பக்கத்து வீட்டுத் தம்பையா சிரித்தார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிய பிறகுதான் மலை சரிந்தது. நாம் குடியிருந்த காம்பரா இருந்த லயத்து வரிசை இப்போது இல்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கிறார்கள். பாய் கொடுத்த டீச்சர், "ஒங்க வீட்டுல எத்தன பேருங்க?" என்று கேட்டார். யோசிக்காமல் "ரெண்டு பேரு" என்றுவிட்டேன். இரண்டு பாய் தந்தார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டையும் அருகருகே விரித்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்