மூச்சுக் குடிக்கும் சுவர்

நாள் 31. காலை 6.10
தூத்துக்குடி கடற்கரை, சோதனைக் கட்டிடம். பதிவு: ஜெபமாலை, கட்டுமானப் பொருள் ஆய்வாளர். தொண்ணூறு நாள் தனியாகத் தங்கி அளவெடுப்பது என் வேலை. இந்தச் சுவர்களில் சிமெண்ட் இல்லை. நுண்ணுயிர்க் கலவை, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாகிறது. நேற்று மட்டும் நான்கு கிலோ. சிமெண்ட் சூளைகள் கக்கிய புகையை இனி வீடுகளே திரும்ப எடுத்துக்கொள்ளும். இதற்குப் பதினோரு வருடம் உழைத்தேன்.

நாள் 34. காலை 9.40
முப்பதாம் நாள் வளர்ச்சி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சுவர் ஆறு மில்லிமீட்டர் தடித்திருக்கிறது. கட்டிலருகே மட்டும் பதினைந்து. என் மூச்சு படும் இடம் அது. ஜன்னல்கள் இறுகிவிட்டன.
திட்டத் தலைவர் கனகசபாபதிக்குக் கைபேசியில் செய்தி அனுப்பினேன். பதில்: "நல்ல சேதிதானம்மா! நெனச்சதைவிட அதிகமா உறிஞ்சுது. பதறாம அளவை அனுப்புங்க."

நாள் 36. பகல் 1.15
கதவு திறக்கவில்லை. உளியால் கொத்தினேன், அரை மணியில் மூடிக்கொண்டது. அமிலம் ஊற்றினேன். கல் கரைந்தது. கரைந்தபோது கிளம்பிய வாயுவையும் குடித்து, முன்னைவிடத் தடித்தது.

நாள் 36. மாலை 4.50
கனகசபாபதி: "துளை போடுற மெஷின் மதுரையிலேருந்து வருது, நாளைக்கு வந்துரும். இன்னொண்ணு... மீனவர் குடியிருப்புல அறுபது வீட்டுக்கும் இதே பூச்சுதான். போன வாரம் குடிவந்துட்டாங்க."
சோதனை முடியாமல் யாரையும் குடிவைக்கக் கூடாது என்றுதானே எழுதியிருந்தேன்?
அங்கே என் தங்கை ரெக்ஸலின் இருக்கிறாள். அவளும் கணவனும் மூன்று பிள்ளைகளும் ஒரே அறையில், ஐந்து பேர் மூச்சு. அந்த வீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்ததே நான்.
எல்லாரையும் உடனே வெளியேற்றுங்கள் என்று நான்கு முறை அனுப்பினேன். "மேலிடத்துல பேசிட்டுச் சொல்றேம்மா." ரெக்ஸலினின் எண் தொடர்பில் இல்லை.

நாள் 37. காலை 7.20
காற்றுத் துளைகள் அடைபட்டன. தலை கனக்கிறது. மெஷின் வரவில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் மூச்சு முட்டுகிறது.

நாள் 37. காலை 8.05
ரெக்ஸலின்: "எக்கா, கதவு தொறக்க மாட்டுக்கு. இவரு கடப்பாறையால இடிச்சுப் பாத்துட்டாரு. பக்கத்து வீட்லயும் சத்தம் கேக்கு. புள்ளைக அழுதுட்டே இருக்குதுவ. நீ செஞ்ச சுவருதான? என்ன செய்யணும்னு சொல்லுக்கா."

நாள் 37. காலை 8.20
பதினைந்து நிமிடம் யோசித்தேன். அனுப்பிய பதில்: "பிள்ளைங்கள அழ விடாத. நடுவுல உக்காரவச்சு, மெதுவா மூச்சு விடச் சொல்லு."
எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்கிறாள். எனக்குத் தெரி—